இதயக் கதவு ஒழுகினால்... கிளிப் போட்டால் போதுமா?

போன வருஷம் சித்ரா பௌர்ணமி முடிந்த மறுநாள் காலை. விடிய விடிய மலை சுற்றிய கூட்டம் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. என் வைத்தியசாலைப் பெஞ்சில் செங்கம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். வயது 64. பக்கத்தில் அவருடைய மகன்.

"என்னம்மா பண்ணுது?"

"மலை சுத்த முடியலீங்கய்யா. மூணு வருஷத்துக்கு முன்னாடி முழுசா சுத்துவேன். போன வருஷம் நிருதி லிங்கம் வரைக்கும் நடந்துட்டு அப்புறம் ஆட்டோ புடிச்சேன். நேத்து அக்னி லிங்கம் தாண்டறதுக்குள்ளயே உக்காந்துட்டேன். மூச்சு வாங்குது. ராத்திரி படுத்தா இருமல். ரெண்டு தலைகாணி வெச்சாத்தான் தூக்கம்."

இதைவிடச் சுத்தமாக ஒரு நோயாளி தன் நோயைச் சொல்ல முடியாது! பதினான்கு கிலோமீட்டர் பாதையில் எட்டு லிங்கங்கள். எந்த லிங்கம் வரை போக முடிகிறது என்பதே அவருக்கு அளவுகோல். பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆறு நிமிடம் நடக்க விட்டு, எத்தனை மீட்டர் நடந்தார் என்று அளப்பார்கள். அதுவும் இதுவும் ஒன்றுதான்.

கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, எழும்பவில்லை. நாடி ஒழுங்காக நடக்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், இடது மார்பின் கீழ்ப்பக்கம் 'உஷ்' என்று காற்று கசிகிற மாதிரி ஒரு சத்தம். மகன் பையிலிருந்து எக்கோ ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். மிட்ரல் வால்வில் கடுமையான கசிவு என்று எழுதியிருந்தது.

"சார், நெஞ்சைப் பொளக்காம, தொடை வழியா ஒரு கிளிப்பை உள்ள விட்டு வால்வைச் சரி பண்ணிடறாங்களாமே? செல்போன்ல வீடியோ பார்த்தேன். அதைப் பண்ணிடலாமா? இல்லே, உங்க மருந்துலயே சரியாயிடுமா?"

சித்த மருத்துவனுக்கு இதய வால்வில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நம் பக்கத்தில் மூச்சு வாங்கினாலும் கால் வீங்கினாலும் முதலில் எங்களிடம்தான் வருகிறார்கள். அப்படி வந்த ஒருவரை நான் கோட்டைவிட்டிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த ஒழுகல் என்னவென்று பார்ப்போம்.

புட் வால்வு தெரியுமா?

கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். குழாயின் அடியில் புட் வால்வு இருக்கிறது. ஏறிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள் இறங்காமல் அது தடுக்கிறது. அது கெட்டுப்போனால் மோட்டார் ஓடும், சத்தம் போடும், சூடாகும். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் குறையும். ஏறியதில் பாதி கீழேயே இறங்கிவிடுகிறதே!

நம் இதயத்திலும் இப்படி நான்கு வால்வுகள். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகின்றன. இடது பக்கம் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே இருப்பது மிட்ரல் வால்வு. இரண்டு இதழ்கள், அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் மெல்லிய கயிறுகள். கீழ் அறை சுருங்கும்போது இதழ்கள் இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் ரத்தம் பின்னால் போய் நுரையீரலில் தேங்கும். படுத்தால் இருமல், நடந்தால் மூச்சிரைப்பு எல்லாம் அதனால்தான்.

இங்கே ஒன்றைக் கவனமாகப் படியுங்கள், பின்னால் வருவதெல்லாம் இதில்தான் நிற்கிறது. ஒழுகல் இரண்டு விதம். ஒன்று, கதவே கெட்டுப்போவது. கயிறு அறுந்திருக்கும், இதழ் தொய்ந்திருக்கும், அல்லது சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் இதழைத் தடிக்க வைத்திருக்கும். இன்னொன்று, கதவு நன்றாகவே இருக்கும், சுவர் விரிந்துபோயிருக்கும். மாரடைப்பாலோ வேறு காரணத்தாலோ இதயத் தசை பலவீனமாகி, கீழ் அறை பலூன் மாதிரி வீங்கிவிடும். நிலைக்கால்கள் விலகினால் நல்ல கதவும் மூடாது அல்லவா? அந்த அம்மாவுக்கு இரண்டு வருஷம் முன்பு நெஞ்சு வலி வந்து, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். அவருடையது இந்த இரண்டாவது ரகம்.

முதல் ரகத்தில் கதவைச் சரி செய்தால் பலன் உண்டு என்பது புரிகிறது. இரண்டாவது ரகத்தில்? சுவர் சாய்ந்திருக்கும்போது கதவை மட்டும் ரிப்பேர் செய்து என்ன லாபம்? இந்தக் கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்ல முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

என் வாழைத்தார்

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து, இந்த ஊருக்கு வந்து போர்டு மாட்டிய புதிது. ஆரணிப் பக்கத்திலிருந்து நெசவாளி ஒருவர் இரண்டு காலும் வீங்கி வந்தார். நீர்முள்ளிக் குடிநீர் கொடுத்தேன். நீரை நன்றாகப் பிரிக்கிற மருந்து. பத்தே நாளில் வீக்கம் வடிந்தது. மனிதர் ஒரு வாழைத்தாரோடு வந்து நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரில் பத்துப் பேரிடம் சொன்னேன்.

அவர் மார்பில் நான் ஸ்டெதஸ்கோப்பையே வைக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, நடுராத்திரியில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். வால்வு பல வருஷமாக ஒழுகி, இதயம் களைத்துப்போய்விட்டது என்று அங்கே சொன்னார்களாம். அவர் பிழைக்கவில்லை. மருந்து வேலை செய்தது உண்மை. வீக்கம் வடிந்ததும் உண்மை. ஆனால் நோய் அதன் பாட்டுக்கு உள்ளே நடந்துகொண்டிருந்தது. 'நோயாளிக்குச் சௌகரியமாக இருக்கிறது' என்பதும் 'நோயாளி பிழைப்பார்' என்பதும் வேறு வேறு என்று அந்த வாழைத்தார்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தது. அதனால்தான் எந்தப் புது வைத்தியத்தைப் பற்றிக் கேட்டாலும், எங்களுடையதோ அவர்களுடையதோ, 'எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்?' என்று கேட்கப் பழகினேன்.

ஆட்டில் உடைந்த தட்டு

வால்வு சமாச்சாரத்தில் சோதனை என்றால் எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இருக்கிறது. வெளிநாட்டுச் செயற்கை வால்வு வாங்க நம் ஜனங்களுக்கு வசதியில்லாத காலத்தில், டாக்டர் வலியத்தான் தலைமையில் நம் நாட்டிலேயே ஒன்று செய்ய முயன்றார்கள். முதல் மாதிரி தோற்றது. இரண்டாவதும் தோற்றது. மூன்றாவதில் திறந்து மூடுகிற தட்டை நீலக்கல்லில் செய்தார்கள். கடினமான கல்தானே, உடையாது என்று நினைத்தார்கள். ஆட்டுக்குப் பொருத்திப் பார்த்தபோது அது உடைந்தது! ஆட்டோடு போயிற்று. மனிதருக்கு வைத்திருந்தால்?

நான்காவது மாதிரியில் தட்டை ஒருவகை உறுதியான பிளாஸ்டிக்கில் செய்தார்கள். இயந்திரத்தில் கோடிக்கணக்கான தடவை திறந்து மூடித் தேய்மானம் பார்த்து, ஆடுகளில் வைத்துப் பார்த்து, பிறகு 1990 டிசம்பர் 6-ஆம் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். டி.டி.கே. சித்ரா வால்வு என்ற பெயரில் அது இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெஞ்சுகளுக்குள் போயிருக்கிறது.

அது நெஞ்சைத் திறந்து வைக்கிற வால்வு. தொடை வழியாகப் போகிற கிளிப்புக்கும் இதே படிகள்தான். சாமான் உடையாது, நழுவாது என்று முதலில் நிச்சயம் செய்ய வேண்டும். ஆனால் அதற்குப் பிறகுதான் பெரிய கேள்வி வருகிறது. சாமான் நல்லது, சரி. அதை வைத்தால் நோயாளிக்கு நல்லதா?

கிளிப் பிறந்த கதை

1991-இல் இத்தாலிய அறுவை நிபுணர் ஆல்ஃபியெரி ஒரு சின்ன தந்திரம் செய்தார். ஒழுகும் மிட்ரல் வால்வின் இரண்டு இதழ்களையும் நடுவில் ஒரே ஒரு தையல் போட்டுச் சேர்த்துவிட்டார். ஒரு பெரிய வாசல் இரண்டு சிறு வாசலாக மாறியது. ரத்தம் கீழே போக இரண்டு வழி. பின்னால் கசிவது குறைந்தது. கேட்பதற்கு ரொம்ப எளிது!

அந்தத் தையலுக்குப் பதிலாக ஒரு கிளிப்பைப் போட்டால் என்ன என்று யோசித்ததுதான் மிட்ராகிளிப். துணி உலர்த்தும் கிளிப்பை நினைத்துக்கொள்ளுங்கள், அளவு மட்டும் மிகச் சிறியது. தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாக 'கதீட்டர்' என்ற நீண்ட குழாயைச் செலுத்துவார்கள். அது இதயத்தின் வலது மேல் அறைக்குப் போய், நடுச்சுவரில் சிறு துளை போட்டு, இடது பக்கம் தாண்டி, வால்வின் மேல் வந்து நிற்கும். உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே, துடிக்கிற இதழ்கள் இரண்டையும் கிளிப் கவ்விப் பிடிக்கும். இதயத்தை நிறுத்த வேண்டாம், மார்பெலும்பை அறுக்க வேண்டாம். மனிதருக்கு முதன்முதலில் செய்தது 2003-இல்.

பிறகு ஆபரேஷனோடு ஒப்பிட்டார்கள். 'எவரெஸ்ட் 2' என்ற ஆய்வு, 279 நோயாளிகள், 2011-இல் முடிவு வந்தது. முதல் மாதத்தில் ஏற்பட்ட தொந்தரவுகள் கிளிப்பில் 100-க்கு 15, ஆபரேஷனில் 48. (ஆபரேஷன் பக்கம் இந்தக் கணக்கு ஏறியதற்கு முக்கியக் காரணம், ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது.) ஆனால் ஒரு வருஷத்துக்குள் வால்வுக்காக மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் கிளிப்பில் 20 பேர், ஆபரேஷனில் 2 பேர். அதாவது கிளிப் பத்திரமானது, ஆனால் அடைப்பு அவ்வளவு முழுமையில்லை. ஆபரேஷன் தாங்குகிற உடம்புக்கு ஆபரேஷனே மேல் என்று அன்று ஆனது.

சரி, ஆபரேஷன் தாங்காதவர்கள்? அதிலும் செங்கத்து அம்மா மாதிரி, சுவர் விரிந்து ஒழுகுகிறவர்கள்?

சீட்டுக் குலுக்கியா வைத்தியம்?

இந்த இடத்தில் மகன் குறுக்கிட்டார். "அது எப்படி சார் சோதிப்பாங்க? நல்லா இருக்கறவங்களா பார்த்துப் போட்டுட்டு, பலிச்சுதுன்னு சொல்லிடலாமே?"

புத்திசாலிப் பிள்ளை! அந்தத் தவறு நடக்கக் கூடாது என்றுதான் குலுக்கல் முறை வைத்திருக்கிறார்கள். ஒரே மாதிரி நோயாளிகள் சில நூறு பேர். யாருக்குக் கிளிப், யாருக்கு மாத்திரை மட்டும் என்பதை டாக்டரும் தீர்மானிக்கக் கூடாது, நோயாளியும் தீர்மானிக்கக் கூடாது. கம்ப்யூட்டர் சீட்டுப் போடும்.

"அய்யய்யோ, சீட்டுக் குலுக்கியா வைத்தியம் பார்க்கறது?" என்றார் அந்த அம்மா.

உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொன்னேன். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், பராந்தக சோழன் காலத்தில், ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கக் குடத்தில் ஓலையைப் போட்டு, விவரம் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஏன்? யாரும் தனக்கு வேண்டியவனைத் தள்ளிவிடக் கூடாது என்றுதானே! இங்கேயும் அதேதான். தகுதி பார்த்துத்தான் குடத்தில் பெயர் போடுகிறார்கள். அதற்குப் பிறகு கை யாருடையது என்பது தெரியக் கூடாது.

ஒரே கிளிப், இரண்டு தீர்ப்பு

2018-ஆம் வருஷம் இரண்டு ஆய்வுகளின் முடிவுகள் ஒரு மாத இடைவெளியில் வெளிவந்தன. இரண்டிலும் அதே மிட்ராகிளிப். இரண்டிலும் இதயம் பலவீனமாகி ஒழுகும் நோயாளிகள். இரண்டிலும் ஒரு சாராருக்குக் கிளிப்போடு மாத்திரை, மறு சாராருக்கு மாத்திரை மட்டும்.

ஆகஸ்டில் வந்தது பிரான்ஸ் நாட்டு 'மித்ரா எஃப்ஆர்'. 304 நோயாளிகள். ஒரு வருஷத்தில் இறந்தவர்கள் அல்லது இதயச் செயலிழப்பால் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் கிளிப் போட்டவர்களில் 100-க்கு 55 பேர், போடாதவர்களில் 51 பேர். லாபமே இல்லை!

செப்டம்பரில் வந்தது அமெரிக்கா, கனடாவில் நடந்த 'கோஆப்ட்'. 614 நோயாளிகள். இரண்டு வருஷத்தில் இறந்தவர்கள் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 100-க்கு 46 பேர், கிளிப் போட்டவர்களில் 29 பேர். ஆஸ்பத்திரிச் சேர்க்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நூறு பேருக்குப் போட்டால், இரண்டு வருஷக் கணக்கில் பதினேழு உயிர். சாதாரண விஷயமா?

இதய மருத்துவர்களே திகைத்துப்போனார்கள். ஒரே மருந்து ஒரு ஊரில் அமிர்தம், இன்னொரு ஊரில் தண்ணீரா?

உட்கார்ந்து கணக்கைப் பிரித்துப் பார்த்தபோதுதான், நோயாளிகளே வேறு வேறு என்று தெரிந்தது. அமெரிக்க ஆய்வில் இருந்தவர்களுக்கு ஒழுகும் துளை பெரிது, சராசரி 41 சதுர மில்லிமீட்டர். பிரெஞ்சு ஆய்வில் 31தான். ஆனால் பிரெஞ்சு நோயாளிகளின் இதயம் மிக அதிகமாக வீங்கியிருந்தது. அதாவது பிரான்சில் சுவர்தான் பெரிய பிரச்னை, கதவு சின்னப் பிரச்னை. அமெரிக்காவில் சுவர் ஓரளவு நின்றது, கதவுதான் பெரிய கோளாறு. கதவைச் சரி செய்தால் யாருக்கு லாபம் என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அமெரிக்க ஆய்வில் சேரும் முன்பே, ஒரு நிபுணர் குழு ஒவ்வொரு நோயாளியின் மாத்திரைச் சீட்டையும் பார்த்தது. அவர் தாங்கக்கூடிய முழு அளவு மாத்திரை கொடுத்தாயிற்றா, அதற்குப் பிறகும் ஒழுகுகிறதா என்று கேட்டது. மாத்திரையிலேயே இதயம் சுருங்கிக் கசிவு குறைந்தவர்களுக்குக் கிளிப் எதற்கு?

இது அந்த அம்மாவுக்கு நேராகப் பொருந்தியது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒரு நீர் மாத்திரை. அதுவும் நினைத்தால்தான்!

கோஆப்டின் ஐந்து வருஷக் கணக்கு 2023-இல் வந்தது. கிளிப் போட்டவர்களில் 57 பேர், மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 67 பேர் இறந்திருந்தார்கள். லாபம் நிற்கிறது. ஆனால் கிளிப் போட்டவர்களிலும் பாதிக்கு மேல் இல்லை என்பதையும் பாருங்கள். கிளிப் இதயத்தைப் புதிதாக்குவதில்லை. செல்போன் வீடியோவில் இந்த வரி வராது.

அதோடு, கோஆப்ட் நடந்தபோது இதயச் செயலிழப்புக்கு இல்லாத மாத்திரைகள் இன்று இருக்கின்றன. சர்க்கரை நோய்க்கு வந்த டபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை இதயத்தையும் காக்கிறது என்பது 2019-இல்தான் நிரூபணமானது. 2024-இல் 505 நோயாளிகளிடம் முடிந்த 'ரீஷேப்' ஆய்விலும் கிளிப் போட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குத் திரும்புவது குறைந்திருக்கிறது. ஆக, கிளிப்புக்கு இடம் உண்டு. முதல் இடம் இல்லை.

வலது பக்கக் கதவு

வலது பக்கத்து டிரைகஸ்பிட் வால்வுக்கும் இப்போது கிளிப் போடுகிறார்கள். கால் வீக்கம், வயிற்றில் நீர் என்று வருகிறவர்களில் பலருக்கு இந்தக் கதவும் ஒழுகும். 350 நோயாளிகளிடம் நடந்த 'டிரைலுமினேட்' ஆய்வு 2023-இல் வந்தது. கிளிப் போட்டவர்கள், 'எவ்வளவோ தேவலை டாக்டர்' என்று சொன்னார்கள். கேள்வித்தாளில் கொடுத்த மதிப்பெண் நன்றாக ஏறியது. ஆனால் ஒரு வருஷத்தில் மரணமும் ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் குறையவில்லை. ஆறு நிமிட நடையிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. (2025-இல் வந்த இரண்டு வருஷக் கணக்கில் ஆஸ்பத்திரிச் சேர்க்கை குறைந்திருக்கிறது.)

எனக்கு உடனே வாழைத்தார் நினைவுக்கு வந்தது. தனக்குக் கிளிப் போட்டிருக்கிறது என்று நோயாளிக்குத் தெரியும். தெரிந்தாலே பாதி தெம்பு வந்துவிடும். மனித சுபாவம் அது. அதற்காக, சௌகரியம் ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன். மூச்சு வாங்காமல் ஒரு வருஷம் தூங்க முடிந்தால் அது பெரிய வரம். எதற்காகச் செய்கிறோம், ஆயுளுக்கா சுகத்துக்கா என்று தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

வாதக் காய்ச்சல் வந்தவர்களுக்கு

மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் பெரும்பாலும் வசதியான நாட்டு முதியவர்களிடம் நடந்தவை. நம் கிராமங்களில் முப்பது, நாற்பது வயதிலேயே வால்வு கெட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சின்ன வயதில் தொண்டை வலி, காய்ச்சல், மூட்டுக்கு மூட்டு மாறுகிற வீக்கம் என்று தொடங்கிய வாதக் காய்ச்சலின் மிச்சம் அது. இதழ்கள் தடித்து, ஒட்டி, சுருங்கியிருக்கும். சுருங்கிய வாசலைக் கிளிப் போட்டு இன்னும் சுருக்க முடியுமா? இவர்களுக்குக் கிளிப் பொதுவாகப் பொருந்தாது. கசிவு அதிகமில்லாமல் வாசல் மட்டும் சுருங்கியிருந்தால், பலூனை விட்டு விரிப்பார்கள். ஜப்பானிய டாக்டர் இனோவே 1982-இல் தொடங்கி வைத்த முறை அது. ஒழுகலே பிரதானம் என்றால் ஆபரேஷன்தான்.

இவர்களுக்காகவே நடந்த ஒரு பெரிய சோதனையையும் சொல்ல வேண்டும். டெல்லி எய்ம்ஸ் டாக்டர் கணேசன் கார்த்திகேயன் முன்னின்று நடத்திய 'இன்விக்டஸ்', 24 நாடுகள், நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள். வாத இதய நோயோடு நாடி தாறுமாறாக ஓடுகிறவர்களுக்கு, ரத்தம் உறையாமல் இருக்கப் பழைய வார்ஃபரின் வகை மாத்திரை நல்லதா, புதிய ரிவரொக்சபான் நல்லதா என்று பார்த்தார்கள். புதியதுதான் ஜெயிக்கும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். 2022-இல் முடிவு வந்தபோது, பழைய மாத்திரை சாப்பிட்டவர்களிடம்தான் மரணம் குறைவு!

அந்தப் பழைய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: கீரையை ஒரு நாள் கட்டுக் கட்டாகவும் மறுவாரம் சுத்தமாக இல்லாமலும் சாப்பிட்டால் மாத்திரையின் அளவு குழம்பும். முருங்கைக்கீரையும் அதில் சேர்த்தி. எங்கள் சூரணம், கஷாயம், லேகியம் எதையும் உங்கள் இதய மருத்துவருக்குச் சொல்லாமல் சேர்க்காதீர்கள். எங்களிடம் வரும்போது மாத்திரை அட்டையை ஒளிக்காதீர்கள். நிறையப் பேர் ஒளிக்கிறார்கள், நாங்கள் கோபித்துக்கொள்வோம் என்று!

மருதம்பட்டை ஐயா?

மகனின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதயத்துக்கு மருதம்பட்டை நல்லது என்று எங்கள் நூல்களில் உண்டு. சிறு சிறு ஆய்வுகளும் உண்டு. ஆனால் அறுநூறு பேரைக் குலுக்கல் போட்டுப் பிரித்து, இரண்டு வருஷம் பின்தொடர்ந்து, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எண்ணிய ஆய்வு எங்களிடம் இல்லை. இதைச் சொன்னால் எங்கள் ஆட்களிலேயே சிலருக்குக் கசக்கும். அறுந்த கயிற்றைக் கஷாயம் முடிச்சுப் போடும் என்று நான் நம்பவில்லை. அந்த அம்மாவுக்கு நான் எழுதியது உப்பைக் குறைக்கச் சொல்லித்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் நிறுத்தம். தினம் காலையில் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

பிறகு வேலூருக்குப் போகச் சொன்னேன். இங்கிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம். போகுமுன் மகனிடம் ஒரு தாளில் சில கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். அம்மாவுக்குக் கதவு கெட்டதா, சுவர் விரிந்ததா? மாத்திரைகளை முழு அளவுக்கு ஏற்றிப் பார்த்தாயிற்றா? ஏற்றிய பிறகு மறுபடி எக்கோ எப்போது? கிளிப் என்றால் அம்மா மாதிரி நோயாளிகளிடம் சோதித்த கிளிப்தானா? (குஜராத்தில் உள்ள மெரில் நிறுவனமும் 'மைகிளிப்' என்று ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறது. விலை குறைந்தால் நல்லதுதான். அதையும் இதே கேள்வியோடுதான் பார்க்க வேண்டும்.) செய்கிற டாக்டர் இதுவரை எத்தனை செய்திருக்கிறார்?

"சோதனையில சேருங்கன்னு கேட்டாங்கன்னா?" என்றார் மகன்.

சேரலாம், சேராமலும் இருக்கலாம். சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும், புரியும்வரை விளக்க வேண்டும். நடுவில் விலகினாலும் வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. சோதனையால் கெடுதல் வந்தால் வைத்தியச் செலவு அவர்களுடையது. மருந்துச் சோதனைகளைத் தொடங்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது 2009 ஜூன் முதல் கட்டாயம். கருவிச் சோதனை என்றாலும் பதிவு எண்ணைக் கேளுங்கள், தப்பில்லை. கையெழுத்துப் போடச் சொல்லி அவசரப்படுத்தினால், 'வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்' என்று எழுந்து வந்துவிடுங்கள்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் அந்த அம்மா வந்தார். அங்கே கிளிப் போடவில்லை. நான்கு வகை மாத்திரைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மூன்று மாதம் கழித்து எக்கோ எடுத்திருக்கிறார்கள். கடுமை என்று இருந்த கசிவு நடுத்தரமாகியிருந்தது. தை மாதம் மறுபடி எக்கோ. அதற்குப் பிறகுதான் கிளிப்பைப் பற்றிப் பேச்சு என்று சொல்லிவிட்டார்களாம்.

காலை அழுத்திப் பார்த்தேன். குழி லேசாக விழுந்து எழும்பியது. நாடி இன்னும் ஒழுங்கில்லை.

"ஒரு தலைகாணி போதுதுங்கய்யா. போன பௌர்ணமிக்கு யம லிங்கம் வரைக்கும் நடந்தேன்" என்றார். "தீபத்துக்கு நிருதி லிங்கம் போயிடலாமா?"

தீபத்தன்று கூட்டம் நெரியும், வேண்டாம் என்றேன். அடுத்த வாரம் ஒரு நாள் காலை வெயிலுக்கு முன் மகனோடு போகச் சொன்னேன்.